முதுகெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை: நாள் குறித்த பின் செய்ய வேண்டியவை

முதுகில் செய்யப்படும் பெரிய அறுவை சிகிச்சைகளுள் இன்று பலருக்கும் பரிந்துரைக்கப்படுவது, கீழ்முதுகின் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் அறுவை சிகிச்சையாகும். கீழ்முதுகில் உள்ள ஐந்து முள்ளெலும்புகளில் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையிலோ, ஐந்தாவதற்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் இடையிலோ தேய்ந்துபோன டிஸ்க்கை, அதாவது நம் ஊரில் ஜவ்வு என்று சொல்வதை, அகற்றுகிறார்கள். நரம்பின் மீதான அழுத்தத்தை நீக்கி, அந்த இடைவெளியில் கேஜ் எனப்படும் சிறு தாங்கியையும் எலும்புத் துகள்களையும் வைத்து, இருபுறமும் திருகாணிகளும் கம்பிகளும் பொருத்துகிறார்கள். ஒரு மட்டத்தில், அதாவது இரு எலும்புகளுக்கு இடையிலான ஓர் இடைவெளியில், மட்டும் செய்வதென்றால் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் அன்று முடிவது அறுவை மட்டுமே, இணைப்பு அன்று நடப்பதில்லை. கூரைக் கான்கிரீட் இறுகும்வரை கீழே முட்டுக் கொடுத்து வைப்பதைப் போலத்தான் திருகாணிகளும் கம்பிகளும்; உண்மையான இணைப்பை உங்கள் எலும்பே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வளர்ந்து செய்ய வேண்டும். எலும்பு கூடவில்லை என்றால் நாளடைவில் திருகாணி தளர்ந்துபோகலாம். எனவே கீழே சொல்லப்படும் ஆயத்தங்களில் பெரும்பகுதி, அந்த எலும்பு தடையின்றி வளர்வதற்கும், புண் சீழ் பிடிக்காமல் ஆறுவதற்கும் உரிய ஏற்பாடுகளே ஆகும். இவற்றை அறுவைக்கு முந்தைய வாரத்தில் தொடங்கினால் போதாது. குறைந்தது ஆறு வாரங்களாவது தேவை.

எந்த வலிக்காக இந்த அறுவை?

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதுதான். நரம்பு அழுத்தத்தால் பிட்டத்திலிருந்து கால்வரை இறங்கும் வலி, சிறிது தூரம் நடந்ததும் கால் மரத்துக் கனத்து உட்காரச் சொல்லும் தொல்லை ஆகியவை அறுவைக்குப் பின் குறைவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. முதுகிலேயே தங்கியிருக்கும் வலி அதே அளவு உறுதியாகக் குறையும் என்று சொல்ல முடியாது. நெடுநாள் மரத்துப்போன பாதத்தில் உணர்வு திரும்பப் பல மாதங்கள் ஆகலாம், முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். "ஆபரேஷன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையோடு உள்ளே போகிறவர்களே பின்னர் மிகுதியாக ஏமாற்றம் அடைகிறார்கள். ஆகவே எது குறையும், எது குறையாமல் இருக்கக்கூடும் என்று மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியது, அழுத்தத்தை நீக்குவது மட்டும் போதுமா, இணைப்பும் தேவையா என்பது. இது மருத்துவரை ஐயுறும் கேள்வி அன்று. நரம்புப் பாதை குறுகிப்போனவர்களுக்கு அழுத்த நீக்கத்தோடு இணைப்பையும் சேர்த்துச் செய்வதால் கூடுதல் பயன் உண்டா என்று ஆராய்ந்த இரண்டு ஆய்வுகள் 2016ஆம் ஆண்டு ஒரே மருத்துவ இதழில் வெளியாயின. சுவீடனில் நடந்த ஆய்வு கூடுதல் பயன் இல்லை என்றது. எலும்பு முன்னே நழுவியவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட அமெரிக்க ஆய்வு ஓரளவு பயன் உண்டு என்றது. எலும்பு நழுவியிருக்கிறதா, குனிந்து நிமிரும்போது அது அசைகிறதா, அழுத்தத்தை நீக்க எவ்வளவு எலும்பை எடுக்க வேண்டியிருக்கும் என்பவற்றைப் பொறுத்தே முடிவு அமையும். உங்கள் எம்.ஆர்.ஐ. படத்தையும், குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே படங்களையும் வைத்து, எந்த மட்டத்தில் என்ன செய்யப்போகிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் இன்னொரு முதுகெலும்பு நிபுணரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் எவரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

நாள் பார்ப்பதைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். அவசரம் இல்லாத அறுவையை அஷ்டமி, நவமி தவிர்த்து வைத்துக்கொள்வதால் உடலுக்கு எந்தக் கேடும் இல்லை, மருத்துவமனைகளும் இதற்குப் பழகிவிட்டன. ஆனால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போவது, சிறுநீர் அடைபடுவது அல்லது அறியாமல் கழிவது, மலம் அடக்க இயலாமை, இரு தொடைகளுக்கும் இடையில் உணர்வு மரத்துப்போவது ஆகியவற்றுள் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் குறித்த நாளுக்காகக் காத்திருக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆறு வாரங்களுக்கு முன்

புகையிலையை நிறுத்துவதே இந்தப் பட்டியலில் மிகப் பெரியது. நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி, புதிய எலும்பு உருவாவதைத் தடுக்கிறது. புண் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது. சிகரெட்டும் பீடியும் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலை, ஹான்ஸ் போன்ற பொட்டலங்கள், மூக்குப்பொடி ஆகிய அனைத்திலும் இருப்பது அதே நிக்கோட்டின்தான். குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்தி, எலும்பு கூடியது என்று மருத்துவர் சொல்லும்வரை தொடவே கூடாது. நிக்கோட்டின் சூயிங்கம் பயன்படுத்த எண்ணினால் அதையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். சில அறுவை மருத்துவர்கள் புகையை விடாதவருக்கு இந்த அறுவையையே தள்ளிவைக்கிறார்கள். அது கடுமை அன்று, நியாயம் என்பதே என் கருத்து.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அன்றன்று எடுக்கும் அளவை மட்டும் பார்த்து அமைதி அடையக் கூடாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.5 அல்லது 8க்குக் கீழே வந்த பின்னரே பல மருத்துவமனைகளில் நாள் குறிக்கிறார்கள். அந்த அளவு இறங்க வாரங்கள் ஆகும் என்பதால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்வது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்கள் அதைத் தவறாமல் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை அளவு இயல்பாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு என்பதால் இவற்றைக் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகள் தனிக் கவனத்துக்கு உரியவை. தண்டுவட நரம்புகளின் அருகே ரத்தம் கட்டினால் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. எனவே குளோபிடோகிரல் போன்றவற்றைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு முன்பும், வார்ஃபரினை ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு முன்பும் நிறுத்துகிறார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இவற்றைத் தாமாகவே நிறுத்தினால் மாரடைப்பில் போய் முடியலாம். எதை, எந்த நாளில் நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து எழுத்தில் தர வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், லேகியம் எதுவாயினும் பெயரையோ பொட்டலத்தையோ கொண்டுபோய்க் காட்டுங்கள். முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தேதியையும் சொல்லுங்கள். அறுவைக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் போட்ட ஊசி தொற்று ஏற்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

மதுப்பழக்கத்தை மறைப்பது நம் குடும்பங்களில் வழக்கம். அன்றாடம் அருந்துபவருக்கு மருத்துவமனையில் திடீரென அது நின்றுபோனால் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கமும் மனக்குழப்பமும் வரலாம், அந்தக் குழப்பத்தில் அவர் எழுந்து ஓடவும் முயலலாம். முதுகில் புதிதாகத் திருகாணி வைத்தவருக்கு அது எத்தகைய கேடு என்று சொல்லத் தேவையில்லை. வீட்டார் முன்னிலையில் சொல்லத் தயக்கமாக இருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

ஹீமோகுளோபின் குறைவு, வைட்டமின் டி குறைவு, எலும்பு அடர்த்திக் குறைவு ஆகிய மூன்றையும் இந்தக் காலத்திலேயே கண்டறிந்து மருந்து தொடங்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை மிகவும் தேவை, ஏனெனில் பொரபொரத்த எலும்பில் திருகாணி பிடிமானம் கொள்ளாது. சொத்தைப்பல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண், முதுகுத் தோலில் கட்டி ஆகியவை இருந்தால் முதலில் அவற்றைக் குணப்படுத்த வேண்டும். அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி உலோகத்தின் மீது தங்கிவிட்டால் அதை வெளியேற்றுவது கடினம்.

பணமும் தாள்களும்

தனியார் காப்பீடு வைத்திருப்போர் முதுகெலும்பு நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் அது 24 மாதங்கள். அறை வாடகை உச்சவரம்பு இருந்தால் அதை மீறிய அறையில் தங்காதீர்கள், ஏனென்றால் வாடகையில் மட்டுமன்றி மற்றக் கட்டணங்கள் சிலவற்றிலும் அதே விகிதத்தில் பிடித்தம் செய்வார்கள். திருகாணி, கேஜ் ஆகியவற்றின் விலையைத் தனியே எழுதிய மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். பணமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதியை ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும் நாளின் இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதித்துள்ளது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். ரத்த வங்கி மாற்று ரத்தம் கேட்டால் கொடுக்க இருவரை முன்பே சொல்லி வையுங்கள்.

வீட்டைத் தயார் செய்தல்

அறுவைக்குப் பின் முதல் ஆறு வாரங்கள், சிலருக்குப் பன்னிரண்டு வாரங்கள் வரை, மூன்று செயல்களுக்குத் தடை உண்டு: குனிதல், கனம் தூக்குதல், இடுப்பைத் திருப்புதல். இந்தத் தடையை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டில் ஒரு நாள் முழுவதும் நீங்கள் செய்யும் வேலைகளைக் கவனித்துப் பாருங்கள். நம் வீடுகள் எவ்வளவு தூரம் தரையை ஒட்டியே அமைந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். பாயில் படுக்கை, தரையில் அமர்ந்து சாப்பாடு, அரிவாள்மணை, வாசல் கோலம், குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை, வாளியிலிருந்து மொண்டு குளிப்பது என எல்லாமே அந்தத் தடையில் அடங்கும்.

கழிப்பறையிலிருந்து தொடங்குங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கோ விலைக்கோ வாங்கிவிட வேண்டும். மருத்துவ உபகரணக் கடைகளில் எளிதில் கிடைக்கும். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தாலும் அது தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயர்த்தி வாங்கலாம். எழும்போது பற்றிக்கொள்ளச் சுவரில் கைப்பிடி பதித்துவிடுங்கள். துணி மாட்டும் கம்பி உங்கள் எடையைத் தாங்காது. குளியலறையில் வழுக்காத விரிப்பும், ஓர் உறுதியான பிளாஸ்டிக் நாற்காலியும், அதன் பக்கத்தில் வாளியை உயர்த்தி வைக்க ஒரு முக்காலியும் இருந்தால் குனியாமல் குளிக்கலாம். கழுவிக்கொள்ளும்போது இடுப்பைத் திருப்ப நேரும் என்பதால், கையால் இயக்கும் நீர்த்தூவியை எளிதில் எட்டும் பக்கத்தில் பொருத்துவது நல்லது. இதைப் பற்றி எவரும் வாய் திறந்து பேசுவதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த முதல் நாளே எழும் சிக்கல் இதுதான்.

கட்டிலின் உயரம் உட்கார்ந்தால் முழங்கால் ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். முதுகுக்குப் பலகைப் படுக்கைதான் நல்லது என்ற எண்ணத்தில் வெறும் பலகையில் படுக்கத் தேவையில்லை. குழியாத, உறுதியான மெத்தை போதும். மாடியில் படுக்கையறை இருப்போர் சில வாரங்களுக்குக் கட்டிலைக் கீழே இறக்கிவிடலாம். தரையில் கிடக்கும் மின்கம்பி, கால் தடுக்கும் மிதியடி, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் ஆகியவற்றை அகற்றுங்கள். குனிந்து வார் மாட்ட வேண்டாத, பின்புறம் பிடிப்புள்ள செருப்பு ஒன்று வாங்கிவையுங்கள்.

சமையலறையில் அன்றாடம் தேவைப்படும் பாத்திரங்களையும் சாமான்களையும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் மாற்றி அடுக்குங்கள். தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை, மாவு அரைத்த கிரைண்டர் கல் ஆகியவற்றை வேறு யார் தூக்குவார்கள் என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்ட வேலையை ஐந்தாம் நாள் அறுவை செய்துகொண்ட பெண்ணே செய்துகொண்டிருப்பாள். குடும்பத் தலைவி நோயாளியாகும்போது இந்த ஏற்பாடு மருந்துச் சீட்டுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. பேரக்குழந்தையையும் தூக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது வேறொருவர் கொண்டுவந்து அருகில் அமர்த்தலாம்.

இருசக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து செல்வதும் சில வாரங்களுக்கு ஆகாது, வேகத்தடைகளில் விழும் அதிர்ச்சி நேராக முதுகில் இறங்கும். நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் வேலைக்குத் திரும்பப் பொதுவாக ஆறு வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம். சுமை தூக்குவோர், வயல் வேலை செய்வோர், ஓட்டுநர்கள் இன்னும் கூடுதலான காலத்துக்குத் திட்டமிட வேண்டும்.

முன்கூட்டியே பழக வேண்டிய அசைவுகள்

படுக்கையிலிருந்து எழும் முறையை, அறுவைப் புண்ணின் வலி இல்லாத உடலில் இப்போதே பழகிக்கொள்வது நல்லது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்புமாறு உடல் முழுவதையும் ஒரு கட்டையைப் போல் பக்கவாட்டில் உருட்டுங்கள். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, கீழ்க்கையின் முழங்கையையும் மேல்கையின் உள்ளங்கையையும் ஊன்றி நிமிர்ந்து உட்காருங்கள். படுக்கும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நாளுக்குச் சில முறை பழகினால் ஒரு வாரத்தில் உடல் தானாகவே செய்யும். அறுவைக்கு மறுநாள், பல இடங்களில் அன்று மாலையே, உங்களை எழுப்பி நடக்க வைப்பார்கள் என்பதால் இது உடனே பயன்படும்.

மூன்று உருண்டைகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியையும் முன்பே வாங்கிப் பழகுங்கள். மயக்கத்துக்குப் பின் நுரையீரலில் சளி தேங்காமல் இருக்க அது உதவும். வலி அனுமதிக்கும் அளவுக்கு நாள்தோறும் நடப்பதை விட்டுவிடாதீர்கள். அறுவைதான் வரப்போகிறதே என்று வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பவரின் தொடைத் தசை மெலிந்து, பிறகு நடையைக் கற்பதே பெரும்பாடாகிவிடுகிறது.

முந்தைய நாளும் அன்றைய காலையும்

மருத்துவமனை தரும் கிருமிநாசினித் திரவத்தால் சொன்னபடி குளியுங்கள், முதுகில் எண்ணெய் தடவாதீர்கள். முதுகில் உள்ள முடியை வீட்டில் பிளேடால் மழிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகவே கிருமி நுழையும். நகப்பூச்சும் விரல் நுனி மருதாணியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியைக் குழப்பக்கூடும். ரத்தக் கசிவைத் தடுக்க மின்சாரக் கருவி பயன்படுத்துவதால் உலோக நகைகள் யாவும் கழற்றப்படும். பல ஆண்டுகளாகக் கழற்றாத மூக்குத்தியும் மெட்டியும் அன்று காலையில் கழலாது. பொற்கொல்லரிடம் முன்பே கழற்றிவிடுங்கள். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் தங்கத்தை எடுத்துவிட்டு மஞ்சள் கயிறு மட்டும் அணிந்துகொள்ளலாமா என்று செவிலியரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம்.

பட்டினி விதியைத் துல்லியமாகக் கடைப்பிடிக்க வேண்டும். பொது வரையறை, திட உணவுக்கு ஆறு மணி நேரமும் வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரமும். எண்ணெய்ப் பலகாரம், இறைச்சி எனில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பால் கலந்த காப்பி திட உணவுக் கணக்கில்தான் சேரும். "ஒரு வாய் காப்பிதானே" என்று குடித்து அறுவை தள்ளிப்போனவர்கள் உண்டு. அன்று காலை எந்த மாத்திரையைச் சிறிது தண்ணீரோடு விழுங்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றைத் தொடரச் சொல்வார்கள், சிலவற்றை நிறுத்தச் சொல்வார்கள்.

பையில் பழைய ஸ்கேன் படங்கள், மருந்துப் பட்டியல், முன்புறம் பொத்தான் வைத்த தளர்வான உடை, இடுப்பு பெல்ட், செருப்பு, நீண்ட வயருள்ள கைப்பேசி சார்ஜர் ஆகியவை இருந்தால் போதும்.

கண் விழித்த பின்

கவிழ்ந்து படுத்த நிலையில் சில மணி நேரம் அறுவை நடப்பதால் முகமும் இமைகளும் வீங்கியிருக்கும், மூச்சுக்குழாய் வைத்ததால் தொண்டை கரகரக்கும்; சிறுநீர்க் குழாயும் ரத்தம் வடியும் குழாயும் பொருத்தியிருப்பார்கள். உடனிருப்பவர்களுக்கு இதை முன்பே சொல்லி வைத்தால் அவர்கள் அஞ்ச மாட்டார்கள். முதல் மூன்று நாட்கள் வலி கடுமையாக இருக்கும் என்றே எதிர்பாருங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது இங்கே வீரம் ஆகாது, ஏனெனில் வலி அடங்கினால்தான் எழுந்து நடக்க முடியும். ஆனால் வீடு திரும்பிய பின் மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போடாதீர்கள். அவை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பல மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள்.

டிரமடால் போன்ற வலி மருந்துகளால் மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்றே கொள்ளலாம். முக்குவது புது முதுகுக்குப் பெருந்துன்பம். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும், நீரும், கீரை, பப்பாளி, கொய்யா போன்றவையும் வேண்டும். பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பு, தயிர் ஆகியவற்றை நிறுத்தி வெறும் ரசச் சோறும் இட்லியுமாகக் கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உள்ளது. "பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்" என்பார்கள். புண் ஆறவும் எலும்பு வளரவும் புரதமே மூலப்பொருள். சிறுநீரகக் கோளாறு போன்ற காரணத்தால் மருத்துவர் தடுத்தாலன்றி ஒவ்வொரு வேளையிலும் ஒரு புரத உணவு இருக்க வேண்டும். தையலின் அருகே எண்ணெய் பூசிப் பிடித்துவிடுவதை எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

வீட்டுக்குத் திரும்பும் பயணம் நீண்டதெனில் முன் இருக்கையைச் சற்றே சாய்த்து உட்கார்ந்து, அரை மணி அல்லது முக்கால் மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். கிளம்பும் முன்பு, இரவிலும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணை வாங்கி, வீட்டில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சிவப்போ கசிவோ, எழுந்து உட்கார்ந்தால் மட்டும் கூடுகிற தலைவலியோடு புண்ணிலிருந்து தெளிந்த நீர் வடிதல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், கால் திடீரெனத் தளர்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், தையல் பிரிக்கும் நாள் வரட்டும் என்று காத்திராமல் அந்த எண்ணுக்கு உடனே பேசுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தாலும், சிறுநீர் அடைபட்டாலும் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. 108 ஆம்புலன்ஸை அழைத்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.